காது தொற்று: ஒருவர் 10 நாள் சிரப் என்கிறார், இன்னொருவர் 5 நாளோடு நிறுத்தச் சொல்கிறார்

நிலா_அம்மா:
பிள்ளைக்கு 16 மாதம், எடை 10 கிலோ. இரண்டு காதிலும் செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறது என்று குழந்தை டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 457 சிரப் எழுதினார். 5 மி.லி., காலையும் இரவும், 10 நாள். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தண்ணியாகப் போகிறது. காது மூக்கு தொண்டை டாக்டர், "5 நாளோடு நிறுத்துங்க, வேணும்னா அசித்ரோமைசின் 3 நாள் குடுங்க" என்கிறார். இன்று ஐந்தாம் நாள். யார் சொல்வதைக் கேட்பது?

செவிப்பறை:
5 நாள் என்பது அவர் கற்பனையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆன்டிபயாடிக் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2013 வழிகாட்டி வயதைப் பார்த்துப் பிரிக்கிறது: 2 வயதுக்குள் 10 நாள், 2 முதல் 5 வரை 7 நாள், 6 வயதிலிருந்து 5–7 நாள்.

உங்கள் பிள்ளை வயதுக்கு நேரடி ஆய்வே உண்டு. 2016-ல் வெளியானது, 6 முதல் 23 மாதக் குழந்தைகள் 520 பேர், இதே மருந்து. பலிக்காமல் போனது 5 நாள் குழுவில் 34 சதவீதம், 10 நாள் குழுவில் 16. இரண்டு காதிலும் தொற்று இருந்தவர்களுக்கு இன்னும் மோசம். நாளைக் குறைத்ததால் பக்கவிளைவு குறைந்ததாகவும் தெரியவில்லை. நான் 10 நாள் பக்கம்.

அசித்ரோமைசின் வேண்டாம். காதில் தொற்றும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்ற இரண்டு கிருமிகளுக்கும் அது நம்பத்தக்கதல்ல. பென்சிலின் அலர்ஜி கடுமையாக இருந்தால்தான் அந்தப் பேச்சே.

மருந்துமேசை:
457 என்பது 5 மி.லி.யில் 400 மி.கி. அமாக்சிசிலின், 57 மி.கி. கிளாவுலனேட். அமாக்சிசிலின் நாளைக்கு 800 மி.கி., கிலோவுக்கு 80. அளவு சரி. ஆனால் கிளாவுலனேட் கிலோவுக்கு 11 மி.கி.யைத் தாண்டுகிறது, 10-ஐத் தாண்டினாலே வயிறு கெடும். இதே மருந்தில் 642.9 என்று ஒரு சிரப் வருகிறது, 5 மி.லி.யில் 600-ம் 42.9-ம். அதில் 3.75 மி.லி. இருவேளை கொடுத்தால் அமாக்சிசிலின் கிலோவுக்கு 90, கிளாவுலனேட் ஆறரைக்குள். மருந்தை நிறுத்தாமலே பேதியைக் குறைக்க வழி இது. முதலில் எழுதிய டாக்டரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு 10 மி.லி. என்றால் 30 மி.லி. பாட்டில் மூன்றே நாள். இன்றும் முதல் பாட்டிலே ஓடினால் அளவு எங்கோ தப்பு. பொடியைத் தட்டி உதிர்த்து, ஆறிய கொதிநீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்ப வேண்டும். பலர் நுரையோடு கோட்டைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள், மருந்து கெட்டியாகிவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. 7 நாளில் கொட்டிவிடுங்கள். ஸ்பூன் வேண்டாம், சிரிஞ்சு. சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிறு தாங்கும்.

வார்டு3:
ஒவ்வொரு தடவை போனபின்பும் ஓ.ஆர்.எஸ். 50–100 மி.லி. மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உடம்பில் தடிப்பு என்றால் அன்றே காட்டுங்கள். காதுக்குப் பின்னால் வீங்கிக் காது முன்தள்ளினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி.

தொற்று ஆறியபிறகும் நீர் வாரக்கணக்கில் காதுக்குள் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆன்டிபயாடிக் எழுதுவார்கள், வாங்கிவிடாதீர்கள்.

நிலா_அம்மா:
இரண்டாவது பாட்டில்தான் ஓடுகிறது, லேபிள் 457. டாக்டரிடம் போனில் பேசினேன், 642.9-க்கு மாற்றி, 3.75 மி.லி., மொத்தம் 10 நாள் முடிக்கச் சொன்னார். பழைய பாட்டிலில் பாதி மிச்சம். வைத்திருக்கலாமா?

மருந்துமேசை:
இன்றே கொட்டுங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் யாராவது பழக்கதோஷத்தில் புதியதில் 5 மி.லி. எடுப்பார்கள், நாளைக்கு 1200 மி.கி. ஆகிவிடும். சிரிஞ்சில் 3.75-க்கு நேராகப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள்.