பேஸ் கிட்டார் ஆம்ப்ல திடீர்னு சத்தம் கம்மி, அவசரம்

உசிலை_பேஸ்:
அண்ணே யாராச்சும் சொல்லுங்க. ஆம்ப்ல சவுண்டே வரல. வருது, ஆனா ரொம்பக் கம்மி. வால்யூமை முழுசாத் திருகியும் ரூம்ல பேசுற அளவுக்குத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றத்துல ப்ரோகிராம். என்ன செய்யலாம்?

சால்டரிங்_சாமி:
எந்த ஆம்ப்? டியூபா, டிரான்சிஸ்டரா? தனி ஹெட்டா, ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில இருக்கிற காம்போவா? எத்தனை வாட்? பேஸ் பேட்டரி போடுற ஆக்டிவா, பேட்டரி இல்லாத பாசிவா? வேற கேபிள் போட்டுப் பாத்தாச்சா? ஒண்ணுமே சொல்லாம "மேலுக்கு முடியல, மருந்து குடுங்க"ன்னா எதைக் குடுக்கிறது?

மேலமாசி_வீதி:
பேஸ் ஆக்டிவ்னா மொதல்ல 9 வோல்ட் பேட்டரியப் பாருங்க தம்பி. ஜாக்தான் அதுக்கு சுவிட்ச். கேபிளைச் செருகியே வச்சிருந்தா வாசிக்காமலே இறங்கிரும். மீட்டர்ல 7க்குக் கீழ காட்டுனா சத்தமும் செத்துரும், அடிச்சா பிசிறவும் செய்யும்.

வைகைக்கரை:
இது கரண்ட் பிரச்சனைதான். சாயங்காலமானா எங்க ஏரியாவுல 180 வோல்ட்தான் வருது. ஸ்டெபிலைசர் போடுங்க, சரியாயிரும்.

உசிலை_பேஸ்:
காம்போ, 100 வாட், டிரான்சிஸ்டர், 15 இன்ச். பேஸ் பாசிவ். வேற கேபிள், வேற பேஸ் எல்லாம் போட்டாச்சு, அதேதான். சில நேரம் கம்பியில ஓங்கி ஒரு ஸ்லாப் அடிச்சா பட்டுனு முழு சத்தம் வந்துட்டு மறுபடி இறங்கிருது.

சால்டரிங்_சாமி:
அந்தக் கடைசி வரியை மொதல்லயே எழுதியிருந்தா இம்புட்டுப் பேச்சு வேண்டாம். ஓங்கி அடிச்சா திரும்புதுன்னா எங்கயோ ஒரு கான்டாக்ட்ல களிம்பு ஏறியிருக்கு. பின்னாடி எஃபெக்ட் பெட்டி மாட்டுறதுக்கு செண்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக் இருக்கா? ரிட்டர்ன் ஜாக்ல எதுவும் செருகாதப்ப உள்ள ஒரு பத்தை தொட்டுக்கிட்டு இருக்கும், முன்பகுதியான ப்ரீஆம்ப்ல இருந்து சிக்னல் அது வழியாத்தான் ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்ப்புக்குப் போகும். யாரும் தொடாத ஜாக்குல அதுதான் கருத்துப்போகும். செண்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிள் போடுங்க. சத்தம் வந்துச்சுன்னா கோளாறு அங்கதான்.

தெப்பக்குளம்_ஓம்ஸ்:
பேட்ச்ல சரியாகலேன்னா போன்ல பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கம்மியா வச்சு ரிட்டர்ன்ல குடுங்க. கணீர்னு வந்தா பவர் ஆம்ப், ஸ்பீக்கர் ரெண்டும் நல்லாருக்கு, ப்ரீஆம்ப்பைத்தான் பாக்கணும். அதுலயும் மங்கலா வந்தா ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஸ்பீக்கர் வயரைக் கழட்டி ஓம்ஸ் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 6 சொச்சம்தான் காட்டும், பயப்படாதீங்க. காயில் அத்துப்போயிருந்தா சுத்தமா சத்தமே இருக்காது. அதனால ஓம்ஸ் சரியா இருந்துச்சுன்னா ஸ்பீக்கர் முனையில லூசா இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும்.

வைகைக்கரை:
வோல்ட்டை அளக்காம ஜாக்கைக் கழட்டச் சொல்றீங்களே!

சால்டரிங்_சாமி:
கணக்குப் போடுங்க ஐயா. வாட் வோல்ட்டோட வர்க்கத்துல இறங்கும், 230 இருக்க வேண்டிய இடத்துல 180 வந்தா வாட் ஏறக்குறைய 61 சதவீதமாகும். அதாவது 2 டெசிபல் குறையும், அவ்வளவுதான். வாட் பாதியானாலே 3 டெசிபல்தான். பேச்சுச் சத்தத்துக்கு இறங்கிருச்சுன்னா அது வோல்ட்டால இல்ல.

வைகைக்கரை:
கணக்கு வேற, மேடை வேற. ஜெனரேட்டர்ல லைட் பூராம் போட்டதும் பேஸ் அமுங்குறதைக் கேட்டதில்லையா?

மேலமாசி_வீதி:
அது ஓங்கி வாசிக்கிறப்ப சீக்கிரம் கிளிப்பாகுறதுண்ணே, அதாவது சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டுப் பிசிறுறது. மெதுவா வாசிக்கிறப்ப வித்தியாசமே தெரியாது. லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் எடுத்தா அதுவும் தீரும்.

தெப்பக்குளம்_ஓம்ஸ்:
தம்பி, ப்ரீஆம்ப்தான் கோளாறுன்னா ப்ளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் சப்ளை ரெண்டும் வருதான்னு பாக்கணும். உள்ள டிஎல்072 ஐசின்னா அதோட 8ஆம் கால்ல ப்ளஸ், 4ஆம் கால்ல மைனஸ். அந்த சப்ளைக்கு வோல்ட்டைக் குறைக்கிற 5 வாட் ரெசிஸ்டர் சூட்டுல சால்டரைச் சுத்தி வளையமா விரிசல் விட்டிருக்கும். பழக்கம் இல்லாட்டி பெட்டியத் திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கப்பாசிட்டர்ல 30, 40 வோல்ட் நிக்கும். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ணாதீங்க, 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஒரு நிமிஷம் குறுக்க வச்சுட்டு, மீட்டர்ல பாத்துட்டுத் தொடுங்க.

உசிலை_பேஸ்:
பேட்ச் போட்டேன். வந்துருச்சு!! நன்றிண்ணே

சால்டரிங்_சாமி:
வெள்ளிக்கிழமைக்கு அந்தப் பேட்சோடவே போங்க, ஒண்ணும் ஆகாது. அப்புறம் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கி, ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ரிட்டர்ன் ஜாக்குள்ள ரெண்டு புஸ் அடிச்சு, பின்னைப் பத்திருபது தடவை செருகி எடுங்க. ஸ்ப்ரே காஞ்ச பிறகுதான் சுவிட்ச் போடணும். திரும்பத் திரும்ப வந்தா ஜாக்கையே மாத்துங்க, சுவிட்ச் கான்டாக்ட் உள்ள மோனோ ஜாக்குன்னு கேட்டு வாங்குங்க.

மேலமாசி_வீதி:
தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் விட்றாதீங்க. தூசி ஒட்டிப் பழையபடி ஆயிரும்.

வைகைக்கரை:
திருப்பரங்குன்றத்துல ஜெனரேட்டரா, லைன் கரண்டா? அதைச் சொல்லலையே தம்பி.