மறு: மெசரேஷன் = மென்மையாக்கல்?

வணக்கம்.

> அகராதி ‘ஊறவைத்து மென்மையாக்கல்’ என்கிறது. ‘மென்மையாக்கல்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். ஒயின் செய்யும்போது திராட்சைத் தோலைச் சாற்றில் ஊறவைப்பதுதான் மெசரேஷன்; அதற்குத்தானே தமிழ்ச் சொல் தேடுகிறோம். சிவப்பு ஒயின் செய்பவருக்குத் தோல் மென்மையாவதா முக்கியம்? பினோ நுவார் என்ற கருந்திராட்சையைப் பிழிந்தால் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் வரும். சிவப்பு இருப்பது தோலில். அதனால்தான் வெள்ளை ஒயினுக்கு முதலில் பிழிந்து, பிறகு நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்குத் தோலும் விதையுமாக நொதிக்கவிட்டு, அப்புறம் பிழிகிறார்கள்.

என் பரிந்துரை ‘தோலூறல்’. அரிசி தண்ணீரில் ஊறுகிறது; கேணியில் தண்ணீர் ஊறுகிறது. தொட்டிக்குள் இரண்டுமே நடக்கின்றன: தோல் சாற்றில் ஊற ஊற, நிறம் தோலிலிருந்து ஊறி வருகிறது.

> ‘ஊறல்’ என்றால் கள்ளச்சாராய நினைவு வருமே?

வரட்டும். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். அங்கே ஊறல் என்பது நொதிக்கும் கலவை, இங்கே ஒரு செயல். குழப்பம் வராமலிருக்கத்தான் முன்னால் ‘தோல்’.

‘நொதித்தல்’ என்றே சொன்னால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் பலர் நொதிப்பு தொடங்கும் முன்பே சில நாள் குளிரில் ஊறவைக்கிறார்கள். அப்போது ஆல்கஹால் இல்லை, நிறம்தான் அதிகம் இறங்கும். இன்னொரு பிரெஞ்சு வட்டாரமான போர்தோவில் சர்க்கரை தீர்ந்த பிறகும் தோலோடு விட்டுவைப்பதுண்டு. ஆல்கஹால் விதையின் துவர்ப்பையும் இழுக்கும். ஆகவே குளிர் தோலூறல், நீள் தோலூறல். (முன்னூறல், பின்னூறல் என்றும் எழுதிப் பார்த்தேன். முன்னது வாயில் முந்நூறாகிவிடுகிறது.)

இடிக்கும் இடம் ஒன்று உண்டு: பொஜொலே என்ற பிரெஞ்சு வட்டாரத்தின் கார்பானிக் மெசரேஷன். கமே திராட்சையைக் கொத்தோடு, நசுக்காமல், கரியமில வாயு நிறைந்த தொட்டியில் அடைக்கிறார்கள்; பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்குகிறது. அடியில் எடை தாங்காமல் நசுங்கும் பழங்களைத் தவிர, அங்கே எதுவும் எதிலும் ஊறவில்லை. பிரெஞ்சுப் பெயரே சரியாகப் பொருந்தாதபோது நாமும் அதன் பின்னால் போக வேண்டுமா? ‘முழுக்கனி நொதிப்பு’ என்று தனியாக வைக்கலாம்.

மேலே எழும்பி மிதக்கும் தோல் அடுக்குக்குத் ‘தொப்பி’ சரி; பிரெஞ்சிலும் தொப்பிதான். அது காய்ந்தால் ஒயின் காடியாகிவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று முறை அமுக்குகிறார்களே, அந்த வேலைக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. ‘தொப்பி அமுக்கல்’ என்றால் சிரிப்பு வருகிறது. பிழிந்து மிஞ்சுவது சக்கை. அதில் விவாதமே வேண்டாம்.