தி ரெட் ஸ்லீவ்: ராஜாவே கேட்டும் டொக்-இம் ஏன் மறுக்கிறாள்?

யாழினி:
2021 நவம்பர்ல கொரியாவோட எம்பிசி சேனல்ல ஆரம்பிச்ச இந்த சாகுக் (கொரிய வரலாற்றுத்) தொடரைப் பார்த்தவங்ககிட்ட சில கேள்விகள். பணிப்பெண் டொக்-இம்முக்கு ராஜாமேல விருப்பம் இருக்குன்னு நமக்கே தெரியுது. அப்புறமும் ஏன் மறுத்துக்கிட்டே இருக்கா? 17 எபிசோடுக்கு இழுக்கணும்னு வச்சதா, வரலாறே அப்படியா? பணிப்பெண்ணா இருந்தவ ராஜாவோட துணைவி ஆனா அது உயர்வுதானே, அதுல இழக்க என்ன இருக்கு? அப்புறம், பழைய ராஜாவோட பேரன், அதாவது நம்ம நாயகன், ஆட்சிக்கு வரக் கூடாதுன்னு மந்திரிங்க ஏன் இந்தப் பாடுபடறாங்க? நோரோன் யாருன்னே பிடிபடல. தொடரை முடிச்சாச்சு, அதனால முடிவைத் தயங்காம சொல்லலாம்.

கொற்றவன்:
மறுப்பு கற்பனை இல்லை. டொக்-இம் இறந்த பிறகு, இந்தக் கதையின் ராஜாவான ஜோங்ஜோ தானே எழுதிய கல்லறைக் குறிப்பில் அது இருக்கிறது. முதல் முறை கேட்டது 1766-ல், இருவரும் பதின்பருவத்தின் தொடக்கத்தில் இருந்தபோது. ஜோங்ஜோவின் மனைவியான இளவரசி இன்னும் பிள்ளை பெறாத நிலையில் தன்னால் ஏற்க முடியாது என்று அழுது மறுத்தார். 15 ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். அப்போது ராஜா அவரைத் தண்டிக்கவில்லை. அவருடைய பணியாளைக் கடிந்து தண்டித்தார், அதன் பிறகுதான் அவர் இணங்கினார். காதலோடு அதிகாரமும் கலந்திருந்ததை ராஜா மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கதையைத் தூய காதல் கதையாக மட்டும் பார்ப்பவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. 1782-ல் மகன், 1783-ல் துணைவிகளில் உயர்ந்த 'பின்' பட்டம், 1784-ல் அந்த மகன் பட்டத்து இளவரசன். 1786-ல் குழந்தை தட்டம்மையில் போனது. அதே ஆண்டு, ஒன்பது மாதக் கர்ப்பிணியாக இருந்த தாயும் இறந்தார்.

மருதம்:
இழக்க என்ன இருக்கு என்ற கேள்வியில்தான் முழுத் தொடரும் நிற்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜோசொன் (அந்தக் காலக் கொரிய அரசு) அரண்மனையில் பணிப்பெண்களைச் சிறுமிகளாகவே சேர்ப்பார்கள். ராஜ குடும்பத்தின் அந்தரங்க அறைக்கு நாலைந்து வயதிலேயே எடுப்பார்கள். தையல், பூவேலை, சமையல், சலவை என்று ஒவ்வொன்றும் தனிப் பிரிவு. ஏறத்தாழ 15 ஆண்டு வேலை பார்த்ததும் ஒரு சடங்கு நடக்கும். மணப்பெண் அலங்காரம் உண்டு, மாப்பிள்ளை கிடையாது. அன்று முதல் முழுத் தகுதியுள்ள பணிப்பெண். இன்னும் அத்தனை ஆண்டுகள் போனால் 'சாங்குங்', அதாவது ஐந்தாம் நிலைப் பதவி. ஒரு பெண் தன் உழைப்பால் எட்டக்கூடிய உச்சம் அதுதான். சம்பளம் அரிசி, சோயா, கருவாடு என்று அவள் பேருக்கே வரும். கைத்தொழிலும் தோழிகளும் அவளுடையவை. டொக்-இம்மை எடுத்துக்கொண்டால், 1773-ல் ராஜாவின் தங்கைகளோடு சேர்ந்து 10 தொகுதிக் கதை ஒன்றைப் படியெடுத்தார். அவர் கையெழுத்து இன்றும் இருக்கிறது.

ராஜாவின் படுக்கைக்குப் போன மறுநாளே இதெல்லாம் நின்றுவிடும். வேலை கிடையாது. பிள்ளை பிறக்காவிட்டால் 'ராஜாவின் அருள் பெற்ற சாங்குங்' என்ற பெயரோடு ஓர் அறையில் காத்திருக்க வேண்டியதுதான். பிறந்தால் நாலாம் நிலை முதல் ஒன்றாம் நிலை வரையான எட்டுப் படிகளில் ஏதோ ஒன்றில் ஏற்றுவார்கள். ஆனால் பட்டத்து இளவரசனாகும் மகனுக்குச் சட்டப்படி தாய் ராணிதான். பெற்றவள் பெற்றவளாக மட்டும் நிற்பாள். மேலே போகவும் வழியில்லை: துணைவியாக இருந்து ராணியான ஜாங் ஹுய்-பின் விவகாரத்துக்குப் பிறகு 1701-ல் சுக்ஜோங் ராஜா, துணைவி எவரும் இனி ராணியாகக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டார்.

பிறப்பும் சேர்ந்துகொள்கிறது. டொக்-இம்மின் அப்பா, ராஜாவின் தாய்வழித் தாத்தா ஹோங் போங்-ஹான் வீட்டில் காரியம் பார்த்தவர். பின்னால் நிற்க ஒரு யாங்பான் (உயர்குடி) குடும்பம் கிடையாது. ஜோங்ஜோவுக்கு முன் ஆண்ட அவருடைய அப்பாவழித் தாத்தா யோங்ஜோவையே பாருங்கள். யோங்ஜோவின் அம்மா சோ சுக்-பின் எளிய குடியிலிருந்து அரண்மனைக்கு வந்தவர். 52 ஆண்டு ஆண்ட பிறகும் அந்தப் பேச்சு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் டொக்-இம் தயங்கியதில் என்ன வியப்பு? அவர் விரும்பவில்லை என்று தொடர் சொல்லவில்லை. தனக்கென்று இருந்த சின்ன வாழ்க்கையை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்றுதான் சொல்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இளஞ்சேரல்:
அரசியல் பகுதிக்கு 1762-ஐ முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் யோங்ஜோ தன் மகனும் ஜோங்ஜோவின் அப்பாவுமான சாடோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். எட்டு நாளில் உயிர் போனது. முறையாக விசாரித்து மரண தண்டனை கொடுத்திருந்தால் பேரன் குற்றவாளியின் மகனாகி, வாரிசு உரிமை போயிருக்கும். அதற்காகத்தான் அந்தக் கொடூரமான வழி. அதோடு விடாமல், 1764-ல் எப்போதோ இறந்துபோன மூத்த மகன் ஹ்யோஜாங்குக்குப் பேரனைத் தத்துப் பிள்ளையாக்கினார். ஏட்டில் அவன் சாடோவின் மகனே இல்லை.

மந்திரிகளின் பயம் இங்கேதான். சாடோவுக்கு எதிராக நின்றவர்களுக்கு, அவர் மகன் ராஜாவானால் பழி தீர்ப்பான் என்ற அச்சம். நோரோன் என்பது யோங்ஜோ அரியணை ஏறத் துணை நின்ற கட்சி. அதனால் அரசவையில் அவர்கள் கை ஓங்கியிருந்தது.

பலர் குழம்புவது, நோரோன் எல்லாரும் ஓரணி என்று நினைப்பதால். பேரனின் தாய்வீடான ஹோங் குடும்பமும், யோங்ஜோவின் இளம் ராணி ஜொங்சுன் பிறந்த கிம் குடும்பமும் இரண்டுமே நோரோன், ஒன்றுக்கொன்று எதிரி. 1775-ல், கட்சி விவகாரமோ பதவி நியமனமோ அரசவைக் காரியமோ பேரனுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று வாதாடியவர் ஹோங் இன்-ஹான். அவர் பேரனுக்குச் சொந்தச் சின்னத் தாத்தா, அம்மாவின் சித்தப்பா. 1776-ல் முடிசூடிய அன்றே ஜோங்ஜோ, தான் சாடோவின் மகன் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஹோங் இன்-ஹானுக்கு மரண தண்டனை. ராணியின் அண்ணன் கிம் க்வி-ஜு தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இரண்டு பக்கமும் அடி.

யாழினி:
ரொம்ப நன்றி. தாய்வீட்டு ஆளே எதிரிங்கிறதுதான் எனக்குப் புரியாம இருந்தது. பணிப்பெண்களோட ரகசியக் கூட்டம் வருதே, அது உண்மையா? கூட்டமா நிக்கும்போது யாருக்கு என்ன பதவின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

மருதம்:
க்வாங்ஹான்குங் என்ற அந்த ரகசியக் கூட்டம் முழுக்கக் கற்பனை. ஜோங்ஜோவுக்கு நெருக்கமான அதிகாரியாக வரும் ஹோங் குக்-யோங் உண்மை. தங்கையை 1778-ல் துணைவியாக அரண்மனைக்குள் அனுப்பினார், அடுத்த ஆண்டே அவள் இறந்தாள், அதே ஆண்டு இவரும் பதவி இழந்தார்.

பதவிக்கு உடையைப் பாருங்க. சிவப்பு அங்கி போட்ட அதிகாரி மூன்றாம் நிலையின் மேல்பிரிவு அல்லது அதற்கும் மேல். நீலம், பச்சை என்றால் அதற்குக் கீழ். ராஜ குடும்பத்தில் நெஞ்சிலுள்ள டிராகனின் நகங்களை எண்ணணும். அந்தக் கால விதிப்படி ராஜாவுக்கு 5, பட்டத்து இளவரசனுக்கு 4, பேரனுக்கு 3.

இதே ராஜாவைப் பற்றி இன்னும் வேண்டும் என்றால் 'யி சான்' இருக்கு, 77 எபிசோட். அரசவைச் சண்டைக்கு அதில் நிறைய இடம் கொடுத்திருக்காங்க. ஆனா அதில் நாயகி ஓவியக் கூடத்தில் வேலை செய்பவளா வருவா. அந்தப் பகுதியை மட்டும் வரலாறுன்னு எடுத்துக்காதீங்க.