பதில்: மான் கத்துவதற்கு என்ன சொல்?

எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாம் அச்சிடப் போவதில், ஆபத்தை உணர்ந்த மான் கத்தும் குரலுக்கும் மானின் மற்றக் குரல்களுக்கும் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "எச்சரிக்கைக் குரல்" என்றே போடுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.

புரியும் அக்கா. ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்தச் சொல்லே பதிலும் சொல்லிவிடுகிறது. போன மாதம் முதுமலைக் காட்டின் தெப்பக்காட்டில் ஒரு பெண் கடமானைப் பார்த்தேன். வால் நிமிர்ந்து, காது இரண்டும் ஒரே புதர்ப் பக்கம். முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டி 'டாங்க்' என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கண்ணுக்கெட்டிய வரை வேறு மான் இல்லை. அது யாரை எச்சரித்தது? "உன்னைப் பார்த்துவிட்டேன், இனி பதுங்கிப் பயனில்லை" என்று புலிக்கே சொன்னதாகவும் கொள்ளலாம். ஆய்வாளர்கள் இரண்டு விளக்கங்களையும் சொல்கிறார்கள்.

> வெருவொலி. பழந்தமிழ்ச் சொல் இருக்கையில் தயக்கம் ஏன்?

ஐயா, சொல் அழகுதான். ஆனால் அந்தக் கடமான் வெருவி, அதாவது அஞ்சி, ஓடவில்லையே. நின்ற இடத்திலேயே நின்று கத்தியது. என் ஓட்டு "உஷார்க் குரல்". யார் உஷார், யாருக்காக என்பதை அது திறந்தே விடுகிறது. பாரசீகம் வழி வந்த சொல் என்பீர்கள். வந்தால் என்ன, நம் ஊரில் யாருக்கு அது தெரியாது?

புள்ளிமான் கிடா துணை தேடிக் கத்துவதற்கு நீங்கள் தந்த "பயிர்தல்" (அழைத்தல்) மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. குறுந்தொகை 16இல் பல்லி "தன் துணை பயிரும்" என்று வருகிறதே, அதே பொருள். ஆனால் "பயிரொலி" வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை வயலைத்தான் நினைக்கும். "துணை பயிர்தல்" என்று விரித்தே எழுதுவோம். தாயைத் தேடும் மறிக்குக் "கத்தல்" போதும்.

கேளையாடு என்ற சிறு மான் குரைக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் "ஓயாமல் குரைப்பதைக் கேள் என்பதால் கேளை" என்ற கோவை அண்ணனின் வேர்விளக்கத்தை ஏற்க முடியவில்லை. கேழையாடு என்றும் எழுதுகிறார்களே! ழகரம்தான் மூலம் என்றால் கேழ், அதாவது நிறம். அதன் செம்பழுப்பு உடம்புக்கும் பொருந்தும். ஒரே மானுக்குக் கடமான் என்பதா மிளா என்பதா என்பதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம், தென்காசிக்காரர்கள் விடமாட்டார்கள்.

சரி, ஆறு பேர் "எச்சரிக்கைக் குரல்" என்கிறீர்கள், நானும் இன்னொருவரும் மட்டும் மாற்று. வெள்ளிக்கிழமை அச்சு. அப்படியே போகட்டும். கால் தட்டும் கடமான் படத்தின் கீழே மட்டும் "யாருக்கு?" என்று ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்கிறேன்.