மறு: 'ஆய்வுக்குரங்கு' வேண்டாமே

கலைச்சொல் பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

ஆராய்ச்சிக்காகக் கூண்டோடு விமானத்தில் வந்து இறங்கும் குரங்குகளைச் சுங்கத் தாளில் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 'ஆய்வுக்குரங்கு' என்று ஒருவர் சொன்னதும் நாலு பேர் ஆமோதித்துவிட்டீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதிக் காகிதங்களோடு முப்பது வருஷம் மல்லாடியவன் நான். சுங்கக்காரர் முதலில் கேட்பது 'இது என்ன?' என்றுதான். 'எதற்கு?' என்பது அப்புறம். சுங்க எண் பட்டியலில் வெட் புளூ (குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும்) மாட்டுத்தோல் 4104, செம்மறி 4105, வெள்ளாடு 4106. அது ஷூவாகுமா, கைப்பை ஆகுமா என்று அந்த எண்ணுக்குக் கவலை இல்லை. உயிருள்ள குரங்கும் அப்படித்தான். ஆய்வகத்துக்கு வந்தாலும் வண்டலூர் மாதிரி ஒரு பூங்காவுக்கு வந்தாலும் 0106 11 என்ற ஒரே துணைத்தலைப்பு. சர்க்கஸோடு ஊர் ஊராகச் சுற்றும் விலங்கு மட்டும் 9508-க்கு ஓடிவிடும்.

எதற்கு என்று எழுத வேறு இடம் இருக்கிறது. சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டில் ஒற்றை எழுத்து: எஸ் என்றால் அறிவியல், எம் என்றால் மருத்துவம், இசட் என்றால் விலங்குக் காட்சிசாலை. பக்கத்திலேயே இன்னோர் எழுத்து, காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று. பெரிய தகராறு வருவது அந்த இரண்டாவது எழுத்தில்தான். நீண்டவால் குரங்குகளைக் கம்போடியக் காட்டில் பிடித்து, பண்ணையில் பிறந்தவை என்று காட்டி அனுப்பியதாக 2022-இல் அமெரிக்காவில் குற்றவழக்கே பதிவானது. இவ்வளவையும் பெயர்ச்சொல்லின் தலையில் ஏற்றினால் சொல் தாங்காது.

சரி, வெறும் 'குரங்கு' போதுமா? போதாது. சோளிங்கர் மலைப்படியில் தேங்காய்ப் பையைப் பிடுங்குவது குரங்கு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கடவூர்க் காட்டுத் தேவாங்கை யாரும் குரங்கு என்பதில்லை. இரண்டும் பிரைமேட் என்ற ஒரே விலங்கு வரிசை என்பதால், தாளில் அதுவும் இதே வரியில்தான் வரவேண்டும். 'மந்தியினம்' கேட்க அழகுதான். ஆனால் தொல்காப்பிய மரபியலில் மந்தி என்பது குரங்கு, முசு, ஊகம் என்ற மூன்று குரங்கு வகைகளிலும் பெண்ணின் பெயர். கடுவன்களை எங்கே விடுவது? 'ஊகம்' என்பதையே மீட்டெடுக்கலாம் என்ற நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: 'உயிருள்ள ஊகம், 60 எண்ணம்' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மதிப்பீட்டு அதிகாரிகள் ஏற்கெனவே ஊகத்தில்தான் ஓட்டுகிறார்கள்.

மிஞ்சுவது, பிரைமேட்டுக்கு இணையத்தில் ஏற்கெனவே புழங்கும் 'முதனி'. எங்கள் ஊரில் முதல் என்றால் போட்ட பணம். 'உயிருள்ள முதனி' என்று படித்த என் மருமகன், தூங்காத பங்குதாரரா என்று கேட்டான். இருக்கட்டும். லின்னேயஸ் 1758-இல் வைத்த பிரைமேட் என்ற பெயருக்கும் முதல் வரிசை என்றுதான் பொருள். இன்னொரு சோதனையும் செய்தேன். குரங்கு இறைச்சிக்கென்று 0208 30 என்று தனி எண் இருக்கிறது. அங்கே 'ஆய்வுக்குரங்கு இறைச்சி' என்று போட முடியுமா? 'முதனி இறைச்சி' பேசாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆக, தலைப்பில் 'உயிருள்ள முதனிகள்'. ஆய்வுக்காக என்பது அனுமதிச் சீட்டில்.

ராணிப்பேட்டையிலிருந்து

——

ஐயா, வணக்கம்.

முதனிக்கு நான் சரி. பட்டியலில் அடுத்து, குவாரன்டைனுக்கு இருக்கும் 'தனிமைப்படுத்தல்' மீதுதான் எனக்குச் சண்டை. கால்நடை மருத்துவம் படித்தவள் என்பதால் சொல்கிறேன்: நோய் கண்டதைப் பிரித்து வைப்பது வேறு, நன்றாக இருப்பதுபோல் தெரிவதை நாள் கணக்கில் நிறுத்திப் பார்ப்பது வேறு. கொரோனா காலத்தில் இங்கே வேலூரிலும் இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் வந்திறங்கும் முதனிகளைக் குறைந்தது 31 நாள் நிறுத்துகிறார்கள். அதற்குள் இரண்டு வார இடைவெளி விட்டு விட்டு மூன்று முறை காசநோய்ச் சோதனை. கண் இமையில் ஊசி போட்டு, வீங்குகிறதா என்று கூண்டுக்கு வெளியிலிருந்தே பார்ப்பார்கள். அந்த நாட்களில் சோடியாக இருக்கும் குரங்கும் உண்டு. அதற்கு என்ன தனிமை? நடப்பது காவல். 'தொற்றுக்காவல்' என்று வைக்கலாமா?

வேலூரிலிருந்து

——

அம்மா, காவல் என்றதும் எனக்கு ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னதும் சரியாகிவிட்டது. பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 31 நாள் என்பதை விளக்கத்தில் சேர்க்கவில்லை, அது நாட்டுக்கு நாடு மாறும்.