பிபி கண்ட்ரோல் 34 சதவீதத்திலேயே நிக்குது: தப்பு கணக்கிலா, மெஷினிலா, மருந்துச் சீட்டிலா?

கிளினிக் மேனேஜர் (கேள்வி)

தாலுகா டவுன், ரெண்டு டாக்டர் பார்க்கிற கிளினிக். பிபி நோயாளிகள் 412 பேர் எக்செல் பதிவேட்டில் இருக்காங்க. கடைசியா பார்த்த பிபி 140/90க்குக் கீழே இருப்பவர்கள் 142 பேர், அதாவது 34.5%. டாக்டர் வெச்சிருக்கிற இலக்கு 60%. ரெண்டு காலாண்டா நம்பர் அசையல. கொடுக்கிற மாத்திரை பெரும்பாலும் ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டான். ரிசப்ஷனை ஒட்டின டேபிளில் டயல் மெஷினில் நர்ஸ் பார்க்கிறாங்க. எங்கிருந்து சரிபண்ண ஆரம்பிக்கணும்?

கணக்குப்பிள்ளை

மருந்துக்குப் போகும் முன் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். 412 என்பது தவறான வகு எண். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் புழங்கும் ‘சிம்பிள்’ செயலி போடும் கணக்கு இப்படி: பதிவாகி 3 மாதம் ஆகாதவர்களை எடுத்துவிட வேண்டும், அவர்களுக்கு மருந்து வேலை செய்யவே அவகாசம் இல்லை. 12 மாதமாக வராதவர்களைத் தனிப் பட்டியலில் போட வேண்டும். மீதிப் பேரை மூன்று கூடையில் பிரியுங்கள்: கடந்த 3 மாதத்தில் வந்து 140/90க்குக் கீழ், வந்தும் கீழே இல்லை, வரவே இல்லை.

மூன்றாவது கூடைதான் முக்கியம். வராதவர் ‘தெரியாது’ கணக்கில் சேரமாட்டார், கட்டுப்பாட்டில் இல்லாதவர் மாதிரியே விகிதத்தைக் கீழே இழுப்பார். பலர் வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்து நல்ல எண் காட்டுகிறார்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொன்று. எக்செலில் மேல் அழுத்தத்தின் (140/90 என்றால் 140) கடைசி இலக்கத்தை மட்டும் தனிப் பத்தியில் எடுங்கள் (10ஆல் வகுத்த மீதியைத் தரும் மாட் ஃபார்முலா). எத்தனை ‘0’ வருகிறது என்று சொல்லுங்கள்.

கிளினிக் மேனேஜர்

பிரிச்சாச்சு சார். 3 மாசம் ஆகாதவங்க 57. 12 மாசமா வராதவங்க 43. மீதி 312. அதில்:

வந்து கண்ட்ரோலில்: 121 (38.8%)
வந்தும் கண்ட்ரோலில் இல்லை: 87 (27.9%)
வரவே இல்லை: 104 (33.3%)

கடைசி இலக்கம்: வந்த 208 பேரில் 171 பேருக்கு ‘0’.

கணக்குப்பிள்ளை

171/208 என்றால் 82%. டயல் மெஷினில் இரட்டை எண்களாகத்தான் படிப்போம். 0, 2, 4, 6, 8 ஐந்தும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும், அதாவது ‘0’ சுமார் 20%. 82% என்றால் முள் நின்ற இடத்தை யாரும் எழுதவில்லை, பக்கத்துப் பத்தை எழுதுகிறார்கள்.

உங்கள் அளவுகோலுக்கு இது நேரடி அடி. விதி ‘140க்குக் கீழ், 90க்குக் கீழ்’. 140/90 என்று எழுதினால் தோல்வி. 140/80 தோல்வி. 130/90உம் தோல்விதான். முள் 136இல் நின்றும் 140 என்று எழுதப்பட்டவர் எத்தனை பேரோ. மறுபக்கம் 134ஐ 130 ஆக்கியதும் இருக்கும், அதில் விகிதம் மாறாது. நஷ்டம் கோட்டின் மேல் நிற்பவர்களிடம்தான்.

ஒரு எச்சரிக்கை: இதைச் சொன்ன மறுமாதமே பதிவேட்டில் 138/88 வரிசையாக வரத் தொடங்கும். அதுவும் பொய்தான். இலக்கக் கணக்கை மாதாமாதம் ஓட்டுங்கள், 8 குவிந்தால் தெரிந்துவிடும்.

ஸ்டாஃப் நர்ஸ்

ரிசப்ஷன் டேபிள்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு. பஸ்ஸிலிருந்து இறங்கி டோக்கன் வாங்கின கையோட பிபி பார்த்தா அப்படித்தான் வரும். செய்ய வேண்டியது:

சாய்மானம் உள்ள நாற்காலி, கால் ரெண்டும் தரையில், கால்மேல கால் கூடாது. 5 நிமிஷம் பேசாம உக்காரணும். காபி, பீடி, புகையிலைக்கு அப்புறம் 30 நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லுங்க.

கை இதய மட்டத்தில் டேபிள் மேல இருக்கணும். மடியில் வெச்சா மேல் அழுத்தம் சுமார் 4, பக்கத்தில் தொங்கவிட்டா 6, 7 கூடுதலாகக் காட்டும். 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் வந்த அளவு இது. கோட்டில் நிக்கிறவரைத் தோல்வியாக்க இதுவே போதும்.

கஃப் (கையில் சுற்றும் பட்டை): தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டெய்லர் டேப்பால் சுற்றளவு எடுங்க. 22–26 செ.மீ.க்குச் சின்னது, 27–34க்குச் சாதாரணம், 35–44க்குப் பெரியது. ஒரே கஃப் வெச்சு எல்லாருக்கும் பார்த்தா தடித்த கைக்காரங்களுக்கு பிபி ஏறித்தான் காட்டும். சுற்றளவை ஒருதடவை அளந்து நோயாளி அட்டை மூலையில் ‘பெ’ன்னு எழுதிட்டா முடிஞ்சது. புடவை பிளவுஸ் கை இறுக்கமா இருந்தா அதைச் சுருட்டி மேலே ஏத்தாதீங்க, அதுவே கட்டுப் போட்ட மாதிரி ஆயிடும்.

டயல் மெஷினை 6 மாசத்துக்கு ஒருக்கா காலிபரேஷனுக்கு (சரியா காட்டுதான்னு சோதிக்க) கொடுங்க. காத்து இறக்கின பிறகு முள் பூஜ்யத்தில் நிக்கலைன்னா அன்னிக்கே ஓரமா வெச்சிடுங்க. முடிஞ்சா, தரச்சோதனை முடிஞ்ச பட்டியலில் இருக்கிற மேல்கை டிஜிட்டல் மெஷினுக்கு மாறுங்க, ரவுண்டு பண்ற பழக்கமே போயிடும். நாடி தாறுமாறா இருக்கிறவங்களுக்கு மட்டும் டிஜிட்டலை நம்பாம டாக்டர் கையால பார்க்கணும்.

அயலகத்திலிருந்து

ஒரே நாளில் ரெண்டாவது தடவை அளப்பது பற்றி. அமெரிக்காவில் மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) கேட்கும் இதே அளவுகோல் 18–85 வயதுக்கு. ஆண்டின் கடைசி அளவீடுதான் எண்ணப்படும், பதிவே இல்லை என்றால் தோல்வி. ஒரே நாளில் பல தடவை பார்த்தால் அவற்றில் குறைந்த மேல் அழுத்தத்தையும் குறைந்த கீழ் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கலாம். அதனால் முதல் அளவீடு 140/90ஓ அதற்கு மேலோ வந்தால் கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்ப்பது அங்கே வழக்கம்.

நீங்கள் சராசரியை எடுக்கிறீர்களா, குறைந்ததையா என்று காலாண்டு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நடுவில் மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. சிகிச்சை முடிவுக்கு சராசரிதான் நல்லது.

பொது மருத்துவர்

அளவீட்டைச் சரிசெய்தாலும் அந்த 87 பேரில் ஒரு பகுதி உண்மையாகவே உயர்ந்துதான் இருக்கும். அவர்களின் மருந்துச் சீட்டை எடுங்கள். பிபி அதிகமாக இருந்த அன்று மருந்தோ அளவோ மாறியதா, அல்லது ‘ரிப்பீட் ஆல்’ (பழைய மருந்தே தொடரட்டும்) என்று முடிந்ததா? இதை ஒரு தனி எண்ணாகவே பின்தொடருங்கள். இரண்டு டாக்டர்களும் ஒரே படிவரிசையைச் சுவரில் ஒட்டிவைத்தால் தயக்கம் குறையும். உதாரணமாக ஆம்லோடிபின் 5 மி.கி., ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் கூடவே டெல்மிசார்ட்டான் 40, அடுத்து இவற்றின் அளவைக் கூட்டுவது, அதற்கும் மேல் குளோர்தாலிடோன் 12.5. டெல்மிசார்ட்டான் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி சோதனை), பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

படி ஏற்றும் முன் ரெண்டு கேள்வி: இன்று காலை மாத்திரை போட்டாரா? மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் (பிபியை ஏற்றக்கூடிய வலி மாத்திரை) வாங்கிப் போடுகிறாரா? ‘பிபி பார்க்கப் போறோமே’ என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் வருபவர்கள் நிறைய. பிபிக்கு வெறும் வயிறு தேவையில்லை என்று அட்டையிலேயே எழுதுங்கள்.

கிளினிக் மேனேஜர்

87 சீட்டும் பார்த்தாச்சு டாக்டர். மருந்து மாறினது 17 பேருக்குத்தான். இன்னொரு சந்தேகம்: வராத 104 பேரில் சிலர் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டோம். அவங்களை எடுத்துடலாமா?

கணக்குப்பிள்ளை

போன் போட்டு அவர்கள் வாயால் உறுதியானால் ‘மாறிச் சென்றவர்’ என்று தேதியோடு குறித்து எடுக்கலாம். இறந்தவர்களும் அப்படியே. ஊகத்தில் எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் வராதவர்கள் எல்லாருமே காலாண்டு முடிவில் ‘மாறிச் சென்று’விடுவார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்

104 பேரையும் பேர் வரிசைப்படி கூப்பிடாதீங்க. கடைசி பிபி 180/110க்கு மேல் இருந்தவங்களுக்கு இன்னிக்கே. அடுத்து 160/100க்கு மேல், பக்கவாதம், இதயம், கிட்னி பிரச்சனை உள்ளவங்க. மத்தவங்க ஒரு நாளைக்குப் பத்து பேர். இனிமேல் 30 நாள் மாத்திரை கொடுத்தா 28ஆம் நாளுக்குத் தேதி போடுங்க. தேதி தவறின ஒரு வாரத்துக்குள்ள போன் போகணும். நம்பர் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு மகன் இல்ல மருமகளோடது.

“ஏன் வரல?”ன்னு ஆரம்பிச்சா போனை வெச்சிடுவாங்க. “அம்மா, மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாச்சு?”ன்னு கேளுங்க. சொல்ற நாளை அப்படியே எக்செலில் ஏத்துங்க.