கனமரக் கட்டுமானமா, பருமரக் கட்டுமானமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பருத்த மரத் தூண்களையும் உத்தரங்களையும் கொண்டு கட்டும் ‘ஹெவி டிம்பர்’ (heavy timber) முறைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாகக் ‘கனமரக் கட்டுமானம்’ என்பது நம் உரையாடல் இழையில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது என்றாலும், அதை மறுபரிசீலிக்க வேண்டுகிறேன். ‘கனம்’ தடிமனையும் குறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மரத்தோடு சேரும்போது அது எடையையே முதலில் உணர்த்தி, கருங்காலி போன்ற வன்மரங்களின் பக்கம் படிப்பவரைத் திருப்பிவிடும். இக்கட்டடங்களிலோ பெரும்பாலும் பைன், ஸ்புரூஸ், டக்ளஸ் ஃபர் போன்ற எடை குறைந்த ஊசியிலை மரங்களே பயன்படுகின்றன.

வரையறைக்கு அடிப்படை குறுக்குவெட்டின் அளவுதான். தளத்தைத் தாங்கும் தூணின் பக்கம் பெயரளவில் (அதாவது இழைப்பதற்கு முந்தைய அளவில்) 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அமெரிக்கக் கட்டட விதி. இந்த அளவு ஏன் முக்கியம் என்பது தீயின்போது தெரியும். மரம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் கரியாகத் தொடங்குகிறது. மேலே உருவாகும் கரி வெப்பத்தை எளிதில் கடத்தாததால், தீ உள்ளே செல்வது மெதுவாகவும் கணக்கிடத்தக்கதாகவும் அமைகிறது. ஊசியிலை மரத்துக்கு ஐரோப்பிய நெறிமுறை கொள்ளும் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. என்ற வேகத்தின்படி, நாற்புறமும் தீ சூழ்ந்த 200 மி.மீ. சதுரத் தூணில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஏறத்தாழ 120 மி.மீ. உள்ளகம் எஞ்சும் (கரியை ஒட்டிச் சூடேறி வலுவிழக்கும் மெல்லிய அடுக்கைத் தனியே கழிக்க வேண்டும்). அதே மரத்தில் அறுத்த 38 மி.மீ. சட்டமோ இருபுறமும் தீப்பட்டால் அரை மணி நேரத்தில் முழுதும் கரியாகிவிடும்.

ஆகவே ‘பருமன்’ என்ற வழக்குச் சொல்லோடு உறவுடைய ‘பருமரக் கட்டுமானம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பருமரம்’ தனித்து நின்றால் காட்டில் நிற்கும் பெருமரத்தையும் குறிக்கலாம். ‘கட்டுமானம்’ சேர்ந்தபின் அந்த ஐயம் எழாது. ‘தடிமரம்’ கைத்தடியை நினைவூட்டுவதால் எனக்கு உவப்பில்லை.

இச்சொல்லுக்கு நாம் எழுதிய வரைவு விளக்கத்தில் உள்ள ‘தீப்பிடிக்காத’ என்ற அடைமொழியை நீக்கியே ஆக வேண்டும். பருமரமும் எரியும், எரிந்துகொண்டே சுமையை நெடுநேரம் தாங்கும். எனவே ‘தீத்தாங்குதிறன்’ என்பதே பொருந்தும். அத்திறனும் மரத்தை மட்டும் பொறுத்ததன்று: வெளியே தெரியும் எஃகு இணைப்புகள் சூடேறி, தூணுக்கு முன்பே வலுவிழக்கக்கூடும் என்பதால், அவற்றை மரத்துக்குள் புதைத்தோ வேறு வகையில் மூடியோ காக்கிறார்கள். இதையும் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

மேலே உருவாகும் கரிக்குக் ‘கரிப்படலம்’ என எழுதிப் பார்த்தேன். ஆனால் 40 மி.மீ. தடித்த ஒன்றைப் படலம் என்பது பொருந்தவில்லை. ‘கரியடுக்கு’ ஏற்புடையதா என்று கட்டடப் பொறியாளர்கள் சொல்ல வேண்டும்.